மரண சாசனமும் நீதிமன்றமும்: வடவெல்லையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபை ஊழியர் எவரும் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் உயிலைப் பற்றிய கேள்வி ஒன்றைச் சந்திக்காமல் இருப்பதில்லை. நோயுற்ற முதியவர் ஒருவர், "ஐயா, என் காலத்துக்குப் பின் இந்த வீடு யாருக்கு என்று எழுதிவைக்க வேண்டும், தாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்" என்று கேட்கலாம். அடக்க ஆராதனை முடிந்த சில நாள்களுக்குள் பிள்ளைகள் இரு பிரிவாகப் பிரிந்து, அப்பா எழுதிய தாள் செல்லுமா செல்லாதா என்று போதகரின் வீட்டிலேயே வாதிடலாம். இவ்வேளைகளில் ஆறுதல் கூறவும் ஜெபிக்கவும் நாம் பயிற்சி பெற்றிருக்கிறோம். ஆனால் அந்தத் தாளைப் பற்றிய சட்டம் எங்கிருந்து வந்தது, அது ஏன் கிறிஸ்தவர்களை ஒரு விதமாகவும் மற்றவர்களை வேறு விதமாகவும் நடத்தியது என்பதை நம்மில் மிகச் சிலரே அறிவோம்.

இச்சட்டத்தின் வரலாறு திருச்சபையின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. உயிலை மெய்ப்பிக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் ஆயர்களிடமே இருந்தது. பின்னர் அது அரசின் கைக்குச் சென்றது. அதே அரசு, மரணப்படுக்கையின் அருகே நிற்கும் குருவானவரையே ஐயத்தோடு நோக்கி விதிகளை வகுத்தது. அவ்விதிகள் இந்தியக் கிறிஸ்தவர்மேல் ஒன்றேகால் நூற்றாண்டுக்குமேல் ஒரு சுமையாக இருந்து, அண்மைக் காலத்தில் ஒவ்வொன்றாக நீங்கின. இந்த மாற்றம் நமக்கு மகிழ்ச்சியை மட்டும் தருகிறதா, அல்லது ஒரு பொறுப்பையும் சுமத்துகிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். சட்ட விதிகள் மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டன என்பதைக் காண்பதற்குத் தமிழகத்தின் வடவெல்லையில் உள்ள திருத்தணியை நம் நோக்குமுனையாகக் கொள்வோம்.

ஒரே தெரு, இரு சட்டங்கள்

முருகன் கோயில் கொண்ட குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் திருத்தணி. ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாக எண்ணப்படும் 365 படிகளில் ஏறிச் செல்லும் பக்தர்களால் அறியப்பட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் வழங்கும் ஊர். 1888இல் இங்குப் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் ஹெர்மான்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர் என்பது நம் வாசகர் அறிந்ததே.

இவ்வூரின் ஒரு தெருவில், 1950ஆம் ஆண்டளவில், மூன்று வீட்டார் அடுத்தடுத்து வாழ்ந்தனர் என்று கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் இந்து, ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் கிறிஸ்தவர். மூவரும் இவ்வூரிலுள்ள தம் வீட்டைக் குறித்து உயில் எழுதிவைத்து இறக்கின்றனர். இந்துவின் உயிலில் பெயர் குறிக்கப்பட்டவர், அவ்வுயிலையே சான்றாகக் காட்டித் தம் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டலாம். இஸ்லாமியரின் உயிலுக்கும், அவர்தம் சட்டம் அனுமதித்த அளவுக்குள், அவ்வாறே. ஆனால் கிறிஸ்தவரின் உயிலில் பெயர் பெற்ற விதவையோ மகளோ, முதலில் அதற்குரிய நீதிமன்றத்தில் மனுச் செய்து, சாட்சியை நிறுத்தி, சொத்தின் மதிப்புக்கேற்ற கட்டணம் செலுத்தி, 'புரோபேட்' எனப்படும் உயில் மெய்ப்புச் சான்றைப் பெற்றாக வேண்டும். உயிலில் நிறைவேற்றுநர் நியமிக்கப்படாதிருந்தால், உயில் இணைத்த நிர்வாக உரிமைக் கடிதத்தைப் பெற வேண்டும். அதுவரை அந்த உயிலின்படி தமக்கு உரிமை உண்டு என்பதை எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்ட இயலாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு விதித்தது இதுவே.

இந்துக்களுக்கு இவ்விதி முற்றிலும் பொருந்தாமல் இருந்தது என்று கூறுவதும் பிழையாகும். வங்காளத்திலும், சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் அதிகாரத்துக்கு உட்பட்ட நகர எல்லைகளிலும் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கும், அந்த எல்லைகளிலுள்ள அசையாச் சொத்துகளைப் பற்றிய உயில்களுக்கும் புரோபேட் தேவைப்பட்டது. ஆகவே திருத்தணி இந்துவுக்குச் சென்னை மயிலாப்பூரில் ஒரு வீடு இருந்திருந்தால் அவரும் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்திருக்கும். இந்துவைக் கட்டியது அவர் வாழ்ந்த அல்லது சொத்து வைத்திருந்த இடம். கிறிஸ்தவரைக் கட்டியது அவருடைய சமயம். அவர் எந்தக் குக்கிராமத்தில் வாழ்ந்தாலும் இவ்விதி அவரைத் தொடர்ந்தது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. உயில் எழுதாமல் இறந்த இந்தியக் கிறிஸ்தவரின் வாரிசுகளுக்கு, 1901ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால், நிர்வாக உரிமைக் கடிதம் பெற வேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டிருந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 212ஆம் பிரிவும் அவ்விலக்கைக் காத்தது. எனவே முன்யோசனையோடு உயில் எழுதிவைத்தவரின் குடும்பமே நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று. ஒன்றும் எழுதாமல் இறந்தவரின் குடும்பம் அதிலிருந்து தப்பியது.

ஆயர் மன்றத்திலிருந்து அரச மன்றத்துக்கு

இவ்விதி கிறிஸ்தவரை மட்டும் தேடிப் பிடித்ததற்குக் காரணம் யாது? அதை அறிய இங்கிலாந்தின் இடைக்காலத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே நிலம் அரசனின் மன்றங்களுக்கு உட்பட்டிருந்தது. அசையும் பொருள்களைப் பற்றிய மரண சாசனமோ திருச்சபையின் மன்றங்களுக்கு உட்பட்டிருந்தது. மரிப்பவன் தன் பாவங்களை அறிக்கையிடுவதும், தன் கடன்களைத் தீர்த்து ஏழைகளுக்குரியதை ஒதுக்குவதும் ஒரே ஆயத்தத்தின் இரு பகுதிகளாகக் கருதப்பட்டன. உயில் எழுதாமல் இறப்பது பாவ அறிக்கையின்றி இறப்பதற்கு ஒப்பாக அஞ்சப்பட்டது. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, உயிலின்றி இறந்த சுதந்தர மனிதனின் பொருள்களைத் திருச்சபையின் மேற்பார்வையில் உறவினரும் நண்பரும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று கூறியது.

ஆயரின் மன்றத்தில் உயிலைக் கொண்டுவந்து மெய்ப்பிப்பதே 'புரோபேட்' எனப் பெயர் பெற்றது. இறந்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திருமண்டலங்களில் 5 பவுனுக்குக் குறையாத பொருள் இருந்தால், ஆயரின் சான்று போதாது. பேராயரின் மன்றத்துக்கே செல்ல வேண்டும். இந்தச் சிறு விதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதன் சாயலைத் திருத்தணியில் மீண்டும் காண்போம்.

சீர்திருத்தத்துக்குப் பின்னும் ஆங்கிலத் திருச்சபையின் மன்றங்கள் இவ்வதிகாரத்தைக் கைவிடவில்லை. 1857இல் நிறைவேறிய சட்டம் ஒன்றே இதை அவற்றிடமிருந்து எடுத்து, 1858 ஜனவரி முதல் அரசின் புதிய மன்றத்துக்கு அளித்தது.

அதற்கு வெகு காலம் முன்னரே இந்த ஆயர் மன்ற முறை கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. 1726ஆம் ஆண்டின் அரச சாசனம், சென்னை மேயர் மன்றத்துக்கு உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் அளித்தது. 1801இல் தொடங்கிய சென்னை உச்ச நீதிமன்றத்துக்கும், 1862இல் அதன் இடத்தில் எழுந்த உயர் நீதிமன்றத்துக்கும் அவ்வதிகாரம் வழிவழியாகச் சென்றது. முதலில் அது கோட்டையைச் சூழ்ந்து வாழ்ந்த ஐரோப்பியரின் தேவைக்காகவே வந்தது. கிறிஸ்தவராக மாறிய இந்தியரை இதன்கீழ்க் கொண்டுவந்தது வேறொரு வரலாறு.

பல்லாரி வழக்கும் 1865ஆம் ஆண்டுச் சட்டமும்

சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பல்லாரியில் மத்தேயு ஆபிரகாம் என்ற வணிகர் வாழ்ந்தார். அவருடைய முன்னோர், கிறிஸ்தவராக மாறிய தமிழ்ப் பறையர் குலத்தினர். அவர் ஆங்கிலேயக் கலப்பு மரபினர் எனப்பட்ட சமூகத்தில் ஷார்லட் என்ற பெண்ணை மணந்து, அச்சமூகத்தாரின் உடையையும் பழக்கங்களையும் மேற்கொண்டு, சாராயக் குத்தகையிலும் வியாபாரத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1842இல் உயில் எழுதாமலே இறந்தார். அவருடைய தம்பி பிரான்சிஸ், நாங்கள் பிரிவுபடாத கூட்டுக் குடும்பத்தினர், ஆதலால் இந்துச் சட்டப்படி சொத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று வாதிட்டார். விதவை ஷார்லட் அதை மறுத்தார்.

வழக்கு மாகாணத்தின் மன்றங்களைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. 1863இல் அது அளித்த தீர்ப்பு இந்தியத் திருச்சபை வரலாற்றில் முக்கியமானது. ஒருவன் கிறிஸ்தவனாகும்போது, இந்துச் சட்டம் அவனைக் கட்டாயமாகத் தொடர்ந்து கட்டுவதில்லை. ஆயினும் அவன் விரும்பினால் பழைய வழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம், அல்லது அதை விட்டுத் தான் சேர்ந்த சமூகத்தாரின் வழக்கத்தை ஏற்கலாம். எதை ஏற்றான் என்பதை அவன் நடந்துகொண்ட முறையே காட்டும் என்று அது கூறியது. கூட்டுக் குடும்பப் பங்கு என்ற பிரான்சிஸின் வாதம் ஏற்கப்படவில்லை.

இத்தீர்ப்பு மனந்திரும்பியவனின் தெரிவுக்கு இடமளித்தது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் நடையுடையையும் ஆராய்ந்து சட்டத்தைக் கண்டுபிடிப்பது ஆளுவோருக்கு எளிதாக இல்லை. இரண்டே ஆண்டுகளில், ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றிய 1865ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இந்துக்களும் இஸ்லாமியரும் அதிலிருந்து பொதுவாக விலக்கப்பட்டனர். இந்தியக் கிறிஸ்தவர்கள் விலக்கப்படவில்லை. இவ்வாறு, ஆயரின் மன்றத்தில் பிறந்து அரசனின் மன்றத்தில் வளர்ந்த முறை, சென்னை மாகாணத்து நாட்டுப்புறக் கிறிஸ்தவரின் சட்டமாயிற்று. அது ஒரு சிறப்புரிமையைப் போலத் தோன்றியது. ஆளுவோரின் சட்டத்துக்குள் வருவது சிலருக்குப் பெருமையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர்கள் பின்வந்த தலைமுறையினரே. 1925ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டங்களைத் தொகுத்தபோது இவ்விதிகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

எல்லை நகர்ந்தபோது

இப்போது திருத்தணிக்குத் திரும்புவோம். வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டமும், படாஸ்கர் தந்த முடிவும், அவற்றின்மேல் நிறைவேறிய 1959ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கு மீட்டன. அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இவ்வரலாற்றை நாம் மொழியின் வரலாறாகவே பெரும்பாலும் படித்திருக்கிறோம். நீதிமன்றத்தின் வழியே படித்தால் வேறொரு காட்சி தெரியும். திருத்தணிக்காரர் ஒருவரின் வழக்கு மேல்முறையீட்டுக்கு எங்கே செல்ல வேண்டும்? 1954 ஜூலை வரை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. அதன்பின் குண்டூரில் அமைந்த ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு. 1956 நவம்பரிலிருந்து ஐதராபாத்துக்கு. 1960 ஏப்ரலிலிருந்து மீண்டும் சென்னைக்கு. ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை மேல்மன்றத்தின் ஊர் மாறியது. மக்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நீதிமன்றமே அவர்களைச் சுற்றிப் பயணம் செய்தது.

மன்றம் மாறினால் சட்டமும் மாறிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. 1955இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, முன்னைய சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று கூறி அவ்வச்சத்தைப் போக்கியது. வாரிசுரிமைச் சட்டமும் மத்தியச் சட்டமாதலால் இரு பக்கத்திலும் ஒன்றாகவே நீடித்தது. ஆனால் அந்த ஒரே சட்டத்துக்குள்ளேயே மாநில எல்லையைப் பொறுத்த விதி ஒன்று இருந்தது. மாவட்ட நீதிபதி அளிக்கும் புரோபேட் அந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். மாநிலத்துக்கு வெளியே உள்ள சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படவில்லை என்று அவர் சான்றளித்தால் மட்டுமே பிற மாநிலங்களிலும் செல்லும். உயர் நீதிமன்றம் அளிக்கும் சான்றோ நாடெங்கும் செல்லும். 273ஆம் பிரிவு கூறுவது இது.

வீடு திருத்தணியிலும் நிலம் அருகிலுள்ள நகரியிலும் வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1960 மார்ச் வரை இரண்டும் ஒரே மாநிலம், ஒரே மாவட்டம். ஏப்ரல் முதல் நாள் நகரி நிலம் வெளிமாநிலச் சொத்தாயிற்று. நிலத்தின் மதிப்பு அந்த வரம்பைத் தாண்டினால் மாவட்ட மன்றத்தின் சான்று போதாது. உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். இரு திருமண்டலங்களில் 5 பவுன் பொருள் வைத்திருந்த இடைக்கால ஆங்கிலேயனைப் பேராயரின் மன்றத்துக்கு அனுப்பிய அதே தர்க்கம், திருமண்டலத்துக்குப் பதிலாக மாநிலத்தை வைத்துக்கொண்டு, வடவெல்லையில் செயற்பட்டது. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கு நகரியிலும் திருத்தணியிலும் நிலம் இருந்தாலும் இத்தொல்லை எழவில்லை. அவர்களுக்குப் புரோபேட்டே கட்டாயமாக இருக்கவில்லை.

செத்த கையின் பிடி

213ஆம் பிரிவு உயிலைப் பொய்யாக எழுதுவோரை ஐயுற்றது. 118ஆம் பிரிவு ஐயுற்றது வேறு ஒருவரை. உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ உயிலின் மூலம் சொத்து எழுதிவைக்க வேண்டுமானால், அவ்வுயில் அவர் இறப்பதற்குப் 12 மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் சட்டம் குறித்த பாதுகாப்பிடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அக்கொடை செல்லாது. இந்துக்களுக்கும் இஸ்லாமியருக்கும் இது பொருந்தவில்லை. 1991இல் பார்சிகளும் விலக்கப்பட்டனர். அதன்பின் இந்நாட்டின் பெரிய சமயத்தாருள் கிறிஸ்தவரே இதன்கீழ் நின்றனர்.

இந்தப் பன்னிரண்டும் ஆறும் எங்கிருந்து வந்தன? 1736இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலிருந்து. நிலத்தை அறப்பணிக்கு அளிப்பவர், இறப்பதற்கு 12 மாதம் முன்பே பத்திரம் எழுதி, 6 மாதத்துக்குள் அதைச் சான்சரி மன்றத்தில் பதிய வேண்டும் என்று அது விதித்தது. அதற்கு வேர் இன்னும் ஆழமானது. துறவு மடங்களின் கைக்குச் சென்ற நிலம் மீண்டும் எவர் கைக்கும் வராமையால் அதைச் செத்த கை என்று வழங்கினர். அதைத் தடுக்க 1279இலேயே முதலாம் எட்வர்ட் மன்னன் சட்டம் இயற்றினான். பதினெட்டாம் நூற்றாண்டில் அதனுடன் மற்றோர் அச்சமும் சேர்ந்தது: மரண பயத்தில் இருப்பவனை வசப்படுத்தி, இயல்பான வாரிசுகளைத் தவிக்கவிட்டு, சமய நிறுவனங்கள் சொத்தைப் பெற்றுவிடும் என்பது.

இங்கிலாந்தின் விதி நிலத்தைப் பற்றியது மட்டுமே. இந்தியாவுக்கு வந்தபோது அது எல்லாச் சொத்தையும் தழுவியது. 1960இல் இங்கிலாந்து தன் செத்த கைச் சட்டங்களைக் கைவிட்டது. இந்தியாவோ அதற்குப் பின்னும் 43 ஆண்டுகள் அதைப் பிடித்திருந்தது. ஆறு மாத நோயில் கிடந்து, தன் சிறு சேமிப்பை அனாதை இல்லத்துக்கு எழுதிவைத்த கிறிஸ்தவ ஆசிரியையின் விருப்பம் இதனால் வீணாயிற்று. ஆயினும் இவ்விதி எழுப்பிய கேள்வியை வெறும் பகைமை என்று ஒதுக்கிவிட முடியுமா? காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைத் தாங்க மறுத்த கொர்பான் வழக்கத்தை ஆண்டவரே கண்டித்தார். விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் செய்வோரைக் குறித்து எச்சரித்தவரும் அவரே. அச்சட்டத்தை எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ சுவிசேஷத்தின் ஓர் ஐயத்தைத்தான் திருச்சபையின்மேல் திருப்பினார்கள்.

நீதிமன்றம் மறுத்ததும் நாடாளுமன்றம் அளித்ததும்

இவ்விரு விதிகளும் நீங்கிய வரலாறு சுருக்கமானது. 1997இல் கேரளம் தன் மாநிலத் திருத்தத்தின் மூலம் இந்தியக் கிறிஸ்தவரைப் புரோபேட் கட்டாயத்திலிருந்து விலக்கியது. 213ஆம் பிரிவு கிறிஸ்தவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுகிறது என்று தொடுக்கப்பட்ட கிளாரன்ஸ் பயஸ் வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சில நிலப்பகுதிகளின் இந்துக்களுக்கும் இவ்விதி உண்டு, ஆதலால் இது சமயத்தின் அடிப்படையில் மட்டும் எழுந்ததன்று, வரலாற்றுக் காரணங்களால் அமைந்தது என்பது மன்றத்தின் கருத்து. ஆனால் மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இந்தியக் கிறிஸ்தவரின் உயில்களுக்கு 213ஆம் பிரிவு பொருந்தாது என்று அறிவித்தது. 2025ஆம் ஆண்டு இறுதியில் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே முழுவதும் நீக்கியது. இன்று எச்சமயத்தாருக்கும் இவ்வகையில் புரோபேட் கட்டாயமன்று, விரும்பினால் பெறலாம்.

118ஆம் பிரிவில் இதற்கு மாறாக நடந்தது. அங்கே சட்டமியற்றுவோர் அசையாதிருக்க, மன்றம் முன்வந்தது. கேரளத்துக் கத்தோலிக்க அருட்தந்தை ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21இல் தலைமை நீதிபதி வி.என்.கரே தலைமையிலான அமர்வு, இப்பிரிவு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரணானது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. அத்தீர்ப்பில் இறையியல் மாணவர் கருத வேண்டிய ஒரு கூறு உண்டு. அறப்பணிக்குச் சொத்து எழுதிவைப்பது பக்திச் செயலாக இருக்கலாம், ஆனால் அது சமயத்தின் இன்றியமையாத கூறு அன்று என்று கூறி, சமய உரிமை பற்றிய வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. கிறிஸ்தவர் வென்றது சமய உரிமையினால் அன்று. பிற குடிமக்களோடு சமமானவர் என்பதனால். ஈகையை விசுவாசத்தின் கனியாகப் போதிக்கும் நாம், அரசின் பார்வையில் அது எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஊழியருக்கு எஞ்சும் கேள்வி

தடைகள் நீங்கின. ஆனால் உயிலைப் பற்றிய வழக்குகள் நீங்கவில்லை. சான்றின் விதிகளும் நீங்கவில்லை. கிறிஸ்தவரின் உயிலில் குறைந்தது இரு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். அச்சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், உயில் செல்லும். அந்தக் கொடை செல்லாது. உயில் எழுதியபின் ஒருவர் திருமணம் செய்தால், முன்னைய உயில் அற்றுப்போகும். மறுமணம் செய்வோருக்குத் திருமண ஆயத்தம் நடத்தும் போதகர் இதைச் சொல்லி வைத்தால் பிற்காலத்தில் பல குடும்பங்கள் சண்டையிலிருந்து காக்கப்படும்.

இவற்றினும் முக்கியமானது, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் வகுத்த நெறி. உயிலினால் பெரும்பயன் அடைபவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்றிருந்தால், அது ஐயத்துக்குரிய சூழ்நிலை; அவ்வையத்தைப் போக்கும் சுமை அவரையே சாரும் என்பது அது. வீட்டைச் சபைக்கு எழுதிவைக்கும் முதியவரின் படுக்கையருகே அமர்ந்து, வாசகத்தைச் சொல்லி எழுதவைத்து, தாமே சாட்சியும் இடும் போதகர், தம் நோக்கம் எவ்வளவு தூய்மையானதாயினும், அந்தச் சூழ்நிலைக்குள் நிற்கிறார். அவர் தம்மை மட்டுமன்றி, இறந்தவரின் விருப்பத்தையும் ஐயத்துக்குள்ளாக்குகிறார்.

மற்றொரு திசையிலும் ஆபத்து உண்டு. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்தவரின் மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் குறைந்ததையே அளித்தது. 1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 முதலே அச்சட்டம் வழக்கிழந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கே பொருந்துகிறது என்று தீர்ப்பளித்ததும், மகளும் மகனும் சமபங்கினர் ஆயினர். அதன்பின் திருச்சபை வட்டாரங்களிலேயே பெரும் எதிர்ப்புக் கிளம்பியதும், மகள்களுக்குப் பங்கு செல்லாதபடி உயில் எழுதும் வழக்கம் பரவியதும் பதிவாகியுள்ளன. செலோப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று கேட்டதையும், அவர்கள் கேட்டது நியாயம் என்று தேவன் உரைத்ததையும் எண்ணாகமத்தில் வாசித்துப் பிரசங்கிக்கும் சபையில் இது நடந்தது. நம் சட்டத்தில் வாரிசுக்கென்று கட்டாயப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே நீதிமன்றத்திடமிருந்து நாம் பெற்ற விடுதலை, ஒருவரின் மகளை வெறுங்கையாக அனுப்புவதற்கும் பயன்படக்கூடும்.

சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி சகோதரனுக்கு எதிராக வந்து முறையிட்டவனிடம், பங்கிடும் நடுவராக இருக்க ஆண்டவர் மறுத்தார். உடனே பொருளாசையைக் குறித்து அவனுக்கும் கேட்டிருந்தோருக்கும் போதித்தார். ஊழியரின் இடமும் அதுவே. சபைக்குக் கொடை எழுதப்படும் உயிலில் அச்சபையின் போதகர் எழுத்தராகவோ சாட்சியாகவோ இருப்பதைத் தவிர்க்கலாம். கொடுப்பவர் தம் பிள்ளைகள் அறியத் தம் எண்ணத்தைச் சொல்லவும், வெளியாராகிய வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறவும் அறிவுறுத்தலாம். பதிவுச் சட்டம் அனுமதிக்கிறபடி, முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் உயிலை ஒப்படைக்கும் வழியை அவருக்குக் காட்டலாம். உன் மகளுக்கு என்ன வைத்திருக்கிறாய், உன் மனைவி எங்கே வாழ்வாள் என்று கனிவோடு கேட்கலாம். திருமண்டலங்கள் இவற்றை ஒழுங்குமுறையாகவே ஏற்றுக்கொள்வது இன்னும் நன்று.

மரண சாசனத்தை எழுதியவர் மரித்த பின்பே அது உறுதிப்படும் என்று எபிரெயர் நிருபம் உவமை காட்டுகிறது. மரித்தவர் திரும்பி வந்து தம் எண்ணத்தை விளக்க மாட்டார். அதனால்தான் ஆயர் மன்றமும் அரச மன்றமும் நாடாளுமன்றமும், ஒன்றன்பின் ஒன்றாக, அவருடைய சொல்லுக்குக் காவல் வைக்க முயன்றன. அக்காவல்களுள் அநீதியானவற்றை நாடு இப்போது எடுத்துவிட்டது. பன்னிரண்டு மாதங்களும் பதிவும் நம்மிடம் கேட்டுவந்த கேள்வியை, இனி அரசு கேட்காது. மரிப்பவரின் கை சோர்ந்திருக்கும் வேளையில் அவருடைய பேனாவை வழிநடத்துவது யார் என்ற அக்கேள்வியை, இனித் திருச்சபை தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.